இலைக்குக் கீழே புள்ளி

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவோம். இந்தக் கடிதத்தில் அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நேற்று நான் கொடுத்த தந்தி இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். ‘கொடி ஜக்கில் குடிக்காதே. கடிதம் வருகிறது. அக்கா.’ தந்தி வாங்கும் அம்மாள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ‘குடிக்காதேன்னுதானே? யாரு, வீட்டுக்காரரா?’ என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை, தங்கை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தண்ணீர்தான் என்று சேர்த்துச் சொன்னேன். ‘தண்ணி குடிக்காதேன்னா தந்தி குடுக்கறீங்க?’ என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒன்பது மாதமாகப் பேசாத அக்காவிடமிருந்து முதல் வார்த்தையாக இப்படி ஒரு தந்தி வந்தால் நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். இன்னும் அம்மாவின் அந்தக் கொடி போட்ட ஜக்கை விடவில்லையா இவள் என்று நினைத்திருப்பாய். கிழித்துப் போடுமுன் இந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடு. சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜக்கின் கண்ணாடிப் பூச்சில் ஈயம் இருக்கலாம். சும்மா அலமாரியில் இருந்தால் ஒன்றும் செய்யாது. புளிப்பான எதையாவது ஊற்றி வைத்தால் ஈயம் கரைந்து அதில் இறங்கும். நிறம் மாறாது, வாசனை வராது, ருசியிலும் தெரியாது. நீ அதில்தான் தினமும் எலுமிச்சை பிழிந்து வைத்துக் குடிக்கிறாய்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன் வீட்டுக்காரர் பாலம் கட்டும் இடத்திலிருந்து உன் அத்தானுக்கு எழுதியிருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடிகிற மனிதர். யாரிடமாவது சொல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்காவது மாதம் என்றும், காலையில் எது சாப்பிட்டாலும் தங்குவதில்லை, எலுமிச்சைத் தண்ணீர்தான் தங்குகிறது என்றும், அதை முந்தின நாளே பிழிந்து வைத்துவிடுகிறாய் என்றும் எழுதி, ஒரு புகைப்படமும் உள்ளே வைத்திருந்தார். சமையலறை ஜன்னலருகே நிற்கிறாய். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கிறது, மறு கை ஜக்கின் காதைப் பிடித்திருக்கிறது. அத்தான் படத்தை என்னிடம் நீட்டி, ‘பாத்துட்டுக் குடுத்துடு. நீ பாத்தேன்னு தெரிஞ்சா அவளுக்குப் பிடிக்காது’ என்றார். நான் கொடுக்கவில்லை. இரண்டு நாள் பர்ஸில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். அப்போது ஈயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுப் பழம்பொருளைக் கொண்டுபோய்க் காட்டலாம். என்ன, எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்வார்கள். நான் அம்மாவின் பழக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் ஜக்கைவிட என் கிண்ணம் பழையது, உசத்தியானது என்று விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு ஆசை. பழைய துண்டில் சுற்றிய கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஓடாத சுவர்க் கடிகாரத்தோடு வந்த ஒரு பெரியவருக்கும் தலையில்லாத பொம்மையோடு வந்த ஒரு அம்மாளுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மண்பாண்டப் பிரிவைப் பார்ப்பவள் என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். கிண்ணத்தை வாங்கியதும் பார்க்கக்கூட இல்லை; காதருகே வைத்து விரலால் சுண்டினாள். மொத்தையாக ஒரு சத்தம் வந்தது. ‘பீங்கான் இல்லீங்க, மண்தான். பீங்கான்னா மணி மாதிரி கேக்கும்’ என்றாள். எங்கள் வீட்டில் நூறு வருஷத்துப் பொருள் என்பார்கள் என்றேன். ‘எல்லா வீட்டுலயும் நூறு வருஷம்தாங்க. தொண்ணூறுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து சொன்னதில்ல’ என்றாள். பிறகு விளிம்பை ஒட்டி ஓடும் அந்த நீலக் கொடியை விரலால் தொடர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினாள். ஒரு இலை பாதியில் வெட்டுப்பட்டு, அடுத்த இலையின் காம்பு மேல் ஏறியிருந்தது. காகிதத்தில் அச்சடித்த கொடியைச் சுற்றி ஒட்டும்போது இரண்டு முனையும் சேராமல் போன இடமாம். கையால் வரைந்தது அந்த ஆரஞ்சுப் பழங்கள் மட்டும்தானாம். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ‘ஒரே ஆள், ஒரே தூரிகை’ என்று சொல்வாரே, நினைவிருக்கிறதா? அவருக்காக எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதன் பிறகுதான் கவிழ்த்தாள். புத்தகத்துக்கு முதல் பக்கத்தைப் புரட்டினால் வருஷம் தெரிந்துவிடும். இருபது வருடமாக நூலகத்தில் அந்த வேலையைத்தான் செய்கிறேன். பாத்திரத்துக்கு அடிப்பக்கம்தான் முதல் பக்கம் போலிருக்கிறது. அடி வளையத்துக்குள் மூன்று சிறு தழும்புகள். சூளையில் சிறு மண் முக்காலி மேல் வைத்துச் சுட்ட அடையாளம். நடுவில் ஒற்றை இலை முத்திரை. அதைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தாள். ‘இதுல சாப்பிடற சாமான் எதுவும் வைக்கிறதில்லையே?’ என்று கேட்டாள். எதற்கு என்றேன்.

அவள் சொன்னது இது. நன்றாகக் கேட்டுக்கொள். இந்த இலை முத்திரை போட்ட பட்டறையில் முதலில் பூச்சில் ஈயம் கலந்துகொண்டிருந்தார்கள். வேலை செய்தவர்களுக்கு வரிசையாக உடம்புக்கு வந்ததும் கலவையை மாற்றினார்கள். மாற்றிய பிறகு சுட்டவற்றுக்கு அடையாளமாக இலைக்குக் கீழே ஒரு புள்ளி சேர்த்தார்கள். கடுகளவு நீலப் புள்ளி. புள்ளி இருந்தால் புதுப் பூச்சு, பயமில்லை. இல்லாவிட்டால் பழைய பூச்சு.

என் கிண்ணத்தில் புள்ளி இல்லை.

ஜோடி ஜக் தங்கையிடம் இருக்கிறது, அதே கொடி, அதே பழம், அப்படியானால் அதுவும் பழையதுதானா என்று கேட்டேன். ‘ஒரே கொடின்னா ஒரே வருஷம்னு அர்த்தமில்லீங்க. அந்த அச்சை முப்பது வருஷம் ஓட்டியிருக்காங்க’ என்றாள். யோசித்துப் பார்த்தால் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாக வரவும் இல்லை. கிண்ணம் அம்மாவின் கல்யாணத்துக்கு அவளுடைய அத்தை கொடுத்தது. நான் பிறந்தபோது அதே அத்தை ஜக்கை வாங்கி வந்தார். நடுவில் எட்டு வருடம். அதற்குள் கலவை மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் அவள்.

அங்கேதான் சிக்கல். ஜக்கின் அடியில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும். அம்மா கடைசி வருஷத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டி, எனக்கு ஒன்று, உனக்கு இரண்டு என்று எழுதிவைத்தாளே, அதில் ஒரு இரண்டு. சரியாக நடுவில், முத்திரையின் மேலேயே ஒட்டியிருக்கிறாள். பங்கு பிரித்த அன்று நான் கோபத்தில் கவிழ்த்துப் பார்த்தபோது பிளாஸ்திரி மட்டும்தான் தெரிந்தது.

அதை உரிக்கச் சொல்கிறேன். அந்த இரண்டைப் பார்த்து, ‘அம்மா புத்தி தெளிவா இருந்தப்ப ஒட்டினதில்ல இது’ என்று சொன்ன நானே சொல்கிறேன். அந்தப் பிளாஸ்திரிதான் உன் பக்கத்துச் சாட்சி, அதையும் பிடுங்கப் பார்க்கிறாள் என்று உனக்குத் தோன்றினால் உன்மேல் தப்பில்லை. ஆகவே இதை எழுதித் தருகிறேன்: அம்மா தெளிவாகத்தான் ஒட்டினாள். ஜக் உன்னுடையது. பிளாஸ்திரி கிழிந்து போனாலும் இந்தக் காகிதம் உன்னிடம் இருக்கட்டும்.

உரிக்கும்போது எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடு. அப்படியே முழுசாக வந்தாலும் வரும்.

புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் சொல்லி ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல். இந்தக் கடிதத்தையே டாக்டரிடம் காட்டு. நம் வீட்டு விவகாரத்தை அவர் படித்தால் படிக்கட்டும். எலுமிச்சையைக் கண்ணாடி டம்ளரில் பிழிந்து அப்போதே குடித்துவிடு.

இன்னும் ஒன்று. வெள்ளி மாலை, சனி காலை, நேற்றுக் காலை என்று உன் அலுவலகத்துக்கு மூன்று தடவை ட்ரங்க் கால் போட்டேன். மூன்று தடவையும் நீ சீட்டில் இல்லை என்றார்கள். சனிக்கிழமை பின்னால் உன் தும்மல் கேட்டது. அதற்கப்புறம்தான் தந்தி கொடுத்தேன். வெள்ளிக்கிழமையே கொடுத்திருக்க வேண்டும். என் வாயாலேயே சொல்லிவிடலாம், கோபம் இருந்தாலும் உன் குரலைக் கேட்கலாம் என்று மூன்று நாளைக் கடத்திவிட்டேன். அந்த மூன்று காலையும் நீ குடித்திருப்பாய்.

நலமாயிரு.

அன்புடன்,
அக்கா


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

அக்காவின் அன்பு. உன்னிடமிருந்து பதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. போன கடிதம் உனக்கு நேற்றுத்தான் கிடைத்திருக்கும், நீ இன்றே எழுதினாலும் வியாழனுக்கு முன் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். நேற்று அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் கிண்ணத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டேன். கல்லூரியில் என்னோடு படித்தவளை நீ ‘பட்டாசு’ என்று கூப்பிடுவாயே, அவள் இப்போது அதே கல்லூரியில் ரசாயனக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். கிண்ணத்தில் வினிகரை ஊற்றி, மேலே கண்ணாடித் தட்டு மூடி, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்தாள். பிறகு அதை வற்றக் காய்ச்சி, சோதனைக் குழாயில் எடுத்து, ஏதோ இரண்டு சொட்டு விட்டாள். பளீரென்று மஞ்சளாகத் திரிந்து அடியில் படிந்தது; ஈயம் இருந்தால் அப்படித்தான் வருமாம். அழகாகக்கூட இருந்தது. ‘இவ்வளவு தெளிவா வரும்னு நெனக்கலடி. பிள்ளைங்களுக்குக் காட்ட இதை நானே வச்சுக்கட்டுமா?’ என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ‘உக்காரு. கிண்ணம் உன்னுதுதானே, நீ அதுல எதுவும் வச்சுச் சாப்பிடலியே’ என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். 

அது கிண்ணம். ஜக் வேறு, வருஷம் வேறு, அதை மறக்காதே. நான்தான் மறந்து மறந்து நினைத்துக்கொள்கிறேன்.

வெள்ளியன்று மறுபடியும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பிளாஸ்திரியை உரிக்காமல் ஜக்கின் வயதைக் கண்டுபிடிக்க வேறு வழி உண்டா என்று கேட்கத்தான் போனேன். போன கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் கையெழுத்து வேறு எதில் இருக்கிறது சொல்? அவள் கடிதம் எழுதுகிறவள் இல்லை. பால் கணக்கு நோட்டைக்கூட நாம் வீட்டைக் காலி செய்யும்போது தூக்கிப் போட்டுவிட்டோம். எனக்குப் பதினாறு ‘ஒன்று’ இருக்கிறது. ஒன்று என்பது ஒரு கோடுதான். உன்னுடைய ‘இரண்டு’க்குத்தான் வளைவும் வாலும் இருக்கின்றன. உன்னிடம் வேறு இரண்டுகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் அவள் கை எழுதியது. அதைப் போய் உரி என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்.

‘பிளாஸ்திரிதானேங்க, உரிச்சா வந்துடுமே’ என்றாள் அந்தப் பெண். எங்கள் அம்மா எழுதியது என்றேன்.  பிறகு உள்ளே போய் அந்தப் பட்டறையின் பழைய படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து புரட்டினாள். ஜக்கின் காது வந்து உடம்போடு சேரும் இடத்தில், கீழ்ப்பக்கம், கட்டைவிரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பழைய ஜக்குகளில் காதைத் தனியாகச் செய்து கையால் அழுத்தி ஒட்டுவார்களாம். பின்னால் எல்லாம் சேர்த்தே அச்சில் வார்த்தார்களாம், அவற்றில் அந்த இடம் வழுவழுவென்று இருக்குமாம். அப்படியானால் வழுவழுப்பாக இருந்தால் நிச்சயம் பயமில்லையா என்று கேட்டேன். ‘நிச்சயம்னா புள்ளிதாங்க. மத்ததெல்லாம் பெரும்பாலும்தான்’ என்றாள்.

அதிலிருந்து என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணாடி அலமாரியை ஒழிக்கும்போது அந்த ஜக்கைத் துடைக்கும் வேலை எனக்கு. இரண்டு கையாலும் பிடி, காதைப் பிடித்துத் தூக்காதே என்று அம்மா பின்னாலேயே நிற்பாள். விரல் ஒரு குழியில் சரியாகப் பொருந்தியதாக ஞாபகம் வருகிறது. மறு நிமிடம் அது வழுவழுவென்று இருந்ததாகவும் ஞாபகம் வருகிறது. நினைக்க நினைக்க, எனக்கு எது வேண்டுமோ அதை விரல் சொல்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்துதான் நம்மை அதில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் பூட்டி வைத்தாளோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அப்படி இருக்காது. கீறல் விழுந்துவிடும் என்ற பயம்தான். அவளுக்கு எல்லாப் பொருள் மேலும் அந்தப் பயம் உண்டு. நல்ல நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கஞ்சத்தனம் நம் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கிறது. அதை நான்தான் கெடுத்தேன்.

பங்கு பிரித்த அன்று நான் சொன்ன இரண்டு பேச்சை இங்கே எழுதப் போகிறேன். நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை என்று உனக்குத் தெரியட்டும்.

முதலாவது: ‘உன்கிட்ட போனா அம்மா மாதிரியே கண்ணாடிக்குள்ள பூட்டி வைப்பே. நான்னா தினமும் எடுத்துப் புழங்குவேன்.’  ஜக்கைப் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தாய். புகைப்படத்தில் உன் கை அதன் காதில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. என்னைப் பொய்யாக்கத்தான் அதைத் தினமும் எடுக்கிறாள் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று நினைப்பதும் ஒரு வகைத் திமிராக இருக்கலாம். உனக்கு அந்த ஜக் பிடித்திருந்தது, அதனால் எடுத்தாய், அவ்வளவாகவும் இருக்கலாம். ஆனால் நீ எந்தப் பொருளையும் பத்திரமாக வைக்கிறவள். நான் சொல்லியிருக்காவிட்டால் அது இன்று அலமாரியில் இருந்திருக்கும்.

இரண்டாவது பேச்சை எழுத இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். ‘சரி, நீயே எடுத்துக்கோ. உனக்கப்புறம் அதை யாருக்குக் குடுக்கப் போறே?’

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆன தங்கையிடம் அதைச் சொன்னேன். எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். உன்னோடு பாதி ஆஸ்பத்திரிக்கு வந்தவளும் நான்தான்.  அத்தான் அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, ‘அவளுக்கு எங்க அடிச்சா வலிக்கும்னு உனக்கு நல்லாத் தெரியுது’ என்று மட்டும் சொன்னார்.

போன கடிதம் முழுக்க உன் உடம்பைப் பற்றி எழுதினேனே தவிர, உன் வயிற்றில் இருப்பதை நேராக அந்த ஒரு சொல்லால் எழுதவில்லை. நீ கவனித்திருப்பாய். அந்தச் சொல்லை எழுத எனக்கு வாய் இல்லை.

காதின் அடியை மட்டும் தடவிப் பார்த்து எழுது. பிளாஸ்திரி இருக்கட்டும். எப்படியும் ரத்தப் பரிசோதனை செய்துகொள். ஜக் புதியதாகவே இருந்துவிடட்டும் என்று உட்கார்ந்தால் எழுந்தால் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் காலையில் நூலகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் கிடைத்தது. தபால்காரர் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஏழு வரி. நின்றுகொண்டு ஒரு தடவை படித்தேன். பிறகு படியில் உட்கார்ந்து படித்தேன். நூலகத்துக்கு நான் போகவில்லை. அத்தான் போய் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதுகிறேன்.

தந்தி வந்த நிமிடமே ஜக்கிலிருந்ததைக் கொட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். காரணம் தெரியாமலே கொட்டியிருக்கிறாய். ‘தந்தியில் ஆறு வார்த்தை செலவு பண்ணி நீ விளையாடமாட்டாய். பழைய உறையைத் திருப்பி ஒட்டி அனுப்புகிறவள் நீ’ என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகுதான் அழுதேன். அத்தான் எதுவும் புரியாமல், நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டும் என்றேன்.

என் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்பே பிளாஸ்திரியை உரித்துவிட்டாய். எண்ணெய் தடவியும் கிழிந்துவிட்டது, ‘இரண்டு’ பாதிதான் மிஞ்சியது என்று எழுதியிருக்கிறாய்.  நான் ஐந்து நாள் முன்னால் யோசித்திருக்க வேண்டும்.

புள்ளி இல்லை. விளக்கடியில் வைத்துப் பார்த்தாய், பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாய், இல்லை. இந்த வரியை நான் எத்தனை தடவை படித்தாலும் அது மாறவில்லை.

ஏழு வாரம் அதில் குடித்திருக்கிறாய் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாய். நான் உடனே எங்கள் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, நிறுத்திவிட்டாளா என்பதுதான். நிறுத்திப் பத்து நாளாகிறது என்றேன். ‘அதுதான் பெரிய காரியம். இனிமே புதுசா எதுவும் உள்ள போகாது, இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்’ என்றார். பாலும் கீரையும் நிறையச் சாப்பிடச் சொன்னார், வயிற்றைக் காலியாகப் போடாதே என்றார். மீதியை ரத்தப் பரிசோதனையின் எண் வந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். எந்த எண் வந்தால் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். ‘அதை இப்பத் தெரிஞ்சுக்கிட்டு அது வரைக்கும் என்ன பண்ணப் போறீங்க?’ என்று திருப்பிக் கேட்டார். சரியான கேள்விதான். இருந்தாலும் தெரிந்துகொள்ளாமல் வெளியே வரவில்லை. உனக்கு எழுதமாட்டேன்.

ஆறாவது வரியில், ஜக் உனக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். கோபமாகக் கேட்டாயா, சும்மா கேட்டாயா என்று எழுத்தில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், ஆசை இன்னும் போகவில்லை. அது என்ன செய்தது என்று தெரிந்த பிறகும் போகவில்லை. அந்த நீலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நீளுகிறது. இப்படிப்பட்டவள்தான் உன் அக்கா. ஆனால் வேண்டாம். உடைக்கவும் சொல்லமாட்டேன், கொடுக்கவும் சொல்லமாட்டேன். அது உன்னுடையது, என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஏழாவது வரி ‘பயமாக இருக்கிறது’ என்பது மட்டும்தான். கையெழுத்துகூடப் போடாமல் முடித்துவிட்டாய்.

ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவு வரும் வியாழக்கிழமை கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிவரை வர முடியாது, பாலத்தில் வேலை முடியும் கட்டம் என்று அத்தானுக்கு எழுதியிருந்தார். டீச்சருக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். நீ தனியாகத்தான் போய் அந்தக் காகிதத்தை வாங்குவாய். எண்ணைப் பார்ப்பாய். அது என்ன எண் என்று புரியாமல் யாராவது சொல்லும்வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய்.

நான் புதன்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, உன்னைக் கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும், நீ வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. உன் வீட்டுக்கு வரமாட்டேன். வியாழன் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். நீ உள்ளே போகும்போது என்னைப் பார்க்காதது போலப் போனாலும் போ. வெளியே வரும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்று, என்ன எண் என்று சொல்லிவிட்டுப் போ. நல்ல எண்ணாக இருந்தால் அப்படியே அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவேன். இல்லாவிட்டால் நீ போகச் சொன்னாலும் போகமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மன்னித்துவிடு என்று நான் எழுதவில்லை. நான் சொன்னது உனக்குச் சொன்னது மட்டுமில்லை, இப்போது உன்னோடு இருக்கும் குழந்தைக்கும் சொன்னதாகிவிட்டது. அதனிடம் கேட்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அது பத்திரமாக வந்து சேரட்டும். வந்து, வளர்ந்து, என்னோடு பேசமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், அப்போது கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும்,
உன் அக்கா